நான் அழித்த அடிவரி

நான் எழுதாத ஒன்றை நான் எழுதியதாகச் சொன்னேன். ஒருமுறை இருமுறையல்ல, ஐந்து வருடமாக... அந்தப் பொய்யால் என்னை நம்பிய ஒரு பெண்ணின் பிழைப்பையும் என் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். உங்களிடம் இதை மறைக்கப்போவதில்லை.

புத்தளத்தில் எனக்கொரு கருவாட்டுக் கடை. இணையத்திலும் ஒரு கடை. கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்கள் கைபேசியில் படத்தைப் பார்த்துக் கட்டா மீன், பாரை மீன் கருவாடு கேட்பார்கள்; நான் பொதி கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். "இதைச் செய்தது யார்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்!" என்றேன். என்ன துணிச்சல் எனக்கு!

உண்மை வேறு. கொரோனாவில் ஊர் அடைபட்டு, கருவாடு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்த நாள்களில், இணையக் கடை நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள் ஒன்று என் கண்ணில் பட்டது. அதாவது, எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதி, உள்ளிருப்பது அத்தனையையும் திறந்து காட்டி, யாரும் எடுக்கலாம், மாற்றலாம் என்று விட்டிருந்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

எடுத்த கையோடு சிக்கிக்கொண்டேன். அந்த மென்பொருளுக்கு எண்ண மட்டும்தான் தெரியும்: சட்டை ஒன்று, சப்பாத்து ஒரு சோடி. முழுமீன் கருவாடு அப்படியா? ஒன்று அரைக் கிலோ, அடுத்தது ஒன்றேகால். நிறுத்தால்தானே விலை! அவர்களுடைய உதவிப் பக்கத்தில் என் ஓட்டை இங்கிலிஷில் கேட்டு எழுதினேன். எந்த நாட்டுக்காரி என்றுகூடத் தெரியாத ஒரு பெண் பதில் எழுதினார். கருவாடு என்றால் என்ன என்று கேட்டார், படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தார். மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டி, நிறை பார்த்து விற்பதற்கான பகுதியைத் தாமே எழுதிச் சேர்த்தார். "உங்கள் கரையில் இன்னும் எத்தனை பேருக்கு இது உதவும்!" என்று கடைசியில் எழுதியிருந்தார்.

அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும்! முகம் தெரியாத ஒருவனுக்காக யார் மூன்று நாளைக் கொடுப்பார்கள்? அன்றிலிருந்து என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்களால்தான். இதை எழுதும்போதே கண் நிறைகிறது...

கடையின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி தானாகவே வரும். 'இது திறந்த மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.' அந்த வரியை நான் அழித்தேன். ஏன்? முதலில் பெருமைக்காக. பிறகு மைமூனா ராத்தாவின் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. ஆலங்குடாவில் கருவாடு போடுகிறவர். அவர் உப்பிட்டுக் காயவைத்த கட்டாவுக்குத்தான் என் கடையில் ஏகக் கிராக்கி. விற்றது என் பெயரில்! ஒரு நாள் கடைக்கு வந்தவர், கதிரை நுனியில் உட்கார்ந்து கூச்சத்தோடு கேட்டார்.

"தம்பி, உங்கட மாதிரி ஒரு கடை எனக்கும் செஞ்சு தர ஏலுமா? என்ட பேர்ல..."

"அது லேசுப்பட்ட வேலையில்ல ராத்தா. ரெண்டு வருசம் மண்டையப் போட்டு உடைச்சி எழுதினது. இன்னொண்டு எழுத ஏலாது."

"மாஷா அல்லாஹ்! அப்பிடியா... நான் தெரியாம கேட்டுட்டன் தம்பி."

எழுந்து போய்விட்டார். எங்கள் கரையில், வழியில் போகிறவன் கரைவலைக் கயிற்றை இழுக்க ஒரு கை கொடுத்தாலும் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அப்படி எத்தனை நாள் நானே மீன் வாங்கி வந்திருக்கிறேன்! யாரோ இழுத்த வலையில் என் பங்கை அள்ளிக்கொண்டு, ராத்தாவிடம் மீனே படவில்லை என்று சொன்னேனே... நானும் ஒரு மனிதனா?

மூன்று வருடம் ஓடிற்று. போன மாதம் ஏதோ சந்தேகம் கேட்க மறுபடி அந்த உதவிப் பக்கத்துக்குப் போனேன். எங்கோ ஒரு நாட்டில் பாற்கட்டி விற்கும் ஒருவர், அந்த நிறைப் பகுதி தம் தொழிலைக் காப்பாற்றியதாக எழுதியிருந்தார். அதற்கு அந்தப் பெண்ணின் பதில்: "நன்றியை இலங்கையில் இருக்கும் ஒரு கருவாட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்டிராவிட்டால் எனக்கு இது தோன்றியே இராது."

கூசிப்போனேன். தாம் எழுதியதற்கு அவர் என்னைக் காட்டுகிறார்... நானோ!

அன்றைக்கே அந்த வரியைத் தமிழில் திரும்பப் போட்டேன். ராத்தாவை அழைத்து, அவர் பெயரிலேயே ஒரு கடையும் அமைத்துக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பின்னேரம். ஒரே ஒரு பின்னேரம்! அதற்காகத்தான் மூன்று வருடம் அவரைக் காக்கவைத்திருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து ராத்தாவின் அழைப்பு.

"தம்பி, கீழ எழுதியிருக்கிறத இப்பதான் வாசிச்சன். யாரும் சும்மா எடுக்கலாமாமே! ரெண்டு வருசம் கஷ்டப்பட்டு எழுதினத ஊருக்கே குடுத்துட்டீங்களே... இந்த மனசு யாருக்கு வரும்? ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத்தான் துஆ கேக்கிறன்."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். "ராத்தா, நான்..." என்றேன். அவர் காத்திருந்தார். அவசரமில்லாமல் காத்திருந்தார்.

"இருக்கட்டும் ராத்தா" என்றுதான் வந்தது.

அந்த துஆ யாருக்குப் போய்ச்சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ராத்தாவுக்கு மட்டும் தெரியாது. இன்று மஃரிப் தொழுகையிலும் எனக்காகக் கையேந்தியிருப்பார்.