சாளையை மூடிய பூனை

பாரசீகப் பூனையை எங்களிடம் விட்டுப் போனபோது மகள் நான்கு பக்கக் குறிப்பும் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு விதிகள். கணவருடன் தோஹாவுக்குக் குடிபோகிறவள், பூனைக்கான காகிதங்கள் முடிய ஐந்து மாதம் ஆகும் என்றாள். அதுவரை பொறுப்பு என்னுடையது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்தவனுக்கு ஒரே ஒரு பூனை என்ன பெரிய வேலை என்று நினைத்திருப்பாள்.

முதல் வாரம் குறித்துவைத்தேன். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் தூக்கம். மீதி ஆறில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாட்டுப் பூனை உட்கார்ந்தால் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். இது எதற்கும் காத்திருப்பதில்லை. மனுவைப் படிக்காமலே திருப்பித் தரும் அதிகாரியின் சப்பை முகம். நாற்காலி உயரம்கூடத் தாவாது. நாள்காட்டிக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி ஒருநாள் இதன் வாலைத் தாண்டியே போயிற்று. பெயர் ஒன்று உண்டு, கூப்பிட்டால் திரும்பாது. விதி பன்னிரண்டின்படி நான் தினமும் அறுபது தடவை சீவிவிட வேண்டும். அதை மட்டும் உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை, மீன்காரம்மா வரும் வரை.

அவர் திரேஸ்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து தெரு முனையில் இறங்கி, அலுமினியச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வார். எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் அவரிடம்தான் வாங்கும். எங்கள் வீடு முதல் வீடு. விற்பதற்கு முன்னால் வாசலில் இருக்கும் பூனைக்கு ஒரு சாளை மீனைத் தூக்கிப் போடுவது அவர் வழக்கம். பூனை பாய்ந்து கவ்வினால்தான் பெண்கள் தட்டோடு வெளியே வருவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதெல்லாம் அதற்கு அடுத்த சோதனை. இப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். எங்கள் பழைய பூனை தெரு முனைக்கே போய் அவரை அழைத்துவரும். போன மழைக்காலத்தில் அது செத்த பிறகு அந்தப் பதவி காலியாகவே இருந்தது, செவுளை மட்டும் பார்த்து வாங்கினார்கள்.

புதிய பூனையை வாசல் மண்ணில் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம்.

“என்ன அண்ணாச்சி, பஞ்சு மூட்ட எறக்கியிருக்கிய?” என்று சொல்லிக்கொண்டே சாளையைப் போட்டார்.

சாளை அதன் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் விழுந்தது. பூனை எழுந்தது. முகர்ந்தது. பிறகு முன்காலால் மண்ணை இழுத்து இழுத்து மீனை மூடியது. எதை அப்படி மூடும் என்று பூனை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டம்மா தட்டோடு பாதி வழியில் நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒன்பது வீடு ஆறானது. அதற்கடுத்த வாரம் மூன்று, எங்களையும் சேர்த்து. மற்றவர்கள் ஒலிபெருக்கியோடு வரும் குட்டியானை வண்டியில் ஐஸ் மீன் வாங்கினார்கள்.

நான் வீடு வீடாகப் போய் ஏழாம் விதியைச் சொன்னேன்: இந்தப் பூனை பாக்கெட் தீனி தவிர வேறெதையும் தொடாது.

“மீன் திங்காத பூனையாம்லா!” என்று எதிர்வீட்டம்மா உள்ளே பார்த்துச் சொன்னார். “அண்ணாச்சி, மீனு நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு சொல்லுங்க. பூன மேல ஏன் பழியப் போடுதிய?”

மீன்காரம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “இந்தத் தெரு போச்சுன்னா நான் இந்தக் கனத்தத் தூக்கிட்டு ரயில்வே கேட்டுக்கு அங்கன நடக்கணும் அண்ணாச்சி. முட்டி தாங்காது” என்றார்.

இரண்டு நாள் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். ஞாயிறு காலை, தெருப் பெண்கள் முன்னிலையில், வாசல் மண்ணில் இரண்டு தட்டு. ஒன்றில் இவருடைய விளைமீன், இன்னொன்றில் வண்டி மீன். இரண்டையும் மூடினால் குற்றம் பூனையுடையது என்று தெளிவாகிவிடும். எட்டுப் பேர் வந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் பூனை எழுந்தது. விளைமீனை முகர்ந்தது, நான்கு முறை பிறாண்டி மூடியது. பிறகு வண்டி மீனைத் திரும்பியும் பார்க்காமல் படியேறிப் படுத்துவிட்டது. வேலை செய்த களைப்பு.

“பாத்தியளா?” என்றார் எதிர்வீட்டம்மா. “வண்டி மீன ஒண்ணும் பண்ணல!”

மீன்காரம்மா சட்டியைத் தூக்கக் குனிந்தார்.

அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போனாள். மீன் குழம்பிலிருந்து ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய குழம்பைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்தது நான்கு கிண்ணம் வெளியே போகும்.

“விதி பதினாறு! வெங்காயம், மிளகாய் கூடாது!” என்று கத்தினேன். அவள் தட்டைப் பூனைக்கு முன்னால் வைத்தாள்.

பூனை முகர்ந்தது. கண்ணை மூடித் திறந்தது. அந்த இடத்தில் மண் இல்லை, சிமென்ட் படி. அதனால் வாசல் மிதியடியின் நுனியைப் பிடித்து இழுத்தது. ஒன்பது இழுப்பு. தட்டு முழுக்க மறைந்த பிறகுதான் நிறுத்தியது.

எதிர்வீட்டம்மாதான் முதலில் சிரித்தார். “ஆத்தாடி, மைனி கொழம்பையே பொதச்சிட்டே!”

“மூக்கு சப்பையா இருக்கயிலயே நெனச்சேன், இதுக்கு மணமே தெரியாதுன்னு” என்றார் இன்னொருவர்.

“ஏளா, என்ன வேடிக்க?” என்று என் மனைவி மீன்காரம்மாவிடம் சொன்னாள். “சட்டிய எறக்கு. எனக்கு அரைக் கிலோ வெளமீன்.”

தட்டுகள் வந்தன. அடுத்த நாள் ஒன்பது வீடு, எண்ணிப் பார்த்தேன். மீன்காரம்மா இப்போதெல்லாம் சாளையை எங்கள் வாசலில் போடுவதில்லை, அடுத்த வீட்டுப் பூனைக்குப் போடுகிறார். ஆனால் இங்கே ஒரு நொடி நின்று, “பெரியவுகளே, கும்பிடுதேன்” என்று பூனையிடம் சொல்லிவிட்டுப் போவார். “இத கோர்ட்டுல ஒக்கார வையுங்க அண்ணாச்சி, ஒருத்தனும் விருந்து வச்சி மயக்க முடியாது” என்று எனக்கு யோசனையும் சொன்னார்.

என் மனைவி பூனையோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. அது அவள் குழம்பைத் தின்றுவிடும் என்று நம்பி வைத்தாளா, மூடும் என்று தெரிந்தே வைத்தாளா? இரண்டு முறை கேட்டுவிட்டேன். முதல் முறை, மிதியடியைத் துவைத்துப் போடச் சொன்னாள். இரண்டாம் முறை சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்று அறுபதில் நாற்பது தடவைதான் ஆகியிருந்தது.