கை இல்லாத படங்கள்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. பெண்கள் பறித்து வரும் சாக்கைத் தராசில் ஏற்றுமுன் உள்ளே கை விடுவேன். முற்றிய இலை இருந்தால் எடுத்துக் கீழே போடுவேன். காரணம் சொல்வதில்லை. அவர்களுக்கே தெரியும்.

“ஏனுங்க, ஊட்டுலயும் சோத்துக்குள்ள இப்படித்தான் துழாவுவீங்களா?” என்று ஒருத்தி கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன்.

மகள் அப்போது நாலாவது படித்தாள். பள்ளியில் படங்களைச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்று நாலு தாள் வரைந்து வந்தாள். எல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

“அப்பா, எது நல்லாருக்குது பாருங்க.”

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் தாளைக் கீழே போட்டேன். அடுத்ததையும் போட்டேன். நாலும் தரையில் கிடந்தன.

“ஏம்ப்பா?”

“கை சரியில்ல.”

உண்மைதான். விரல்கள் விறகுக் குச்சி மாதிரி இருந்தன. எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டாள். அழவில்லை.

மறுநாள் ஒரே ஒரு தாள். பெண்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்றார்கள். தலையும் முதுகுப் பையும்தான் தெரிந்தன. “இது ஆகும்” என்றேன். சிரித்தாள். கை எங்கே என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் எட்டு வருஷம் அவள் கை வரையவே இல்லை. மனைவிதான் ஒருநாள் சொன்னாள். “கவனிச்சீங்களா? எதுலயும் கையே இல்லீங்க.” பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். எல்லார் கையும் சால்வைக்குள். எங்கள் இருவரையும் வரைந்திருந்தாள். கையைப் பின்னால் கட்டி நின்றோம்.

மழை நாளில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குவார்கள். மூடுபனிக்குள்ளிருந்து முகம் வரும், சாக்கு வரும். கை வராது. எத்தனையோ வருஷமாகப் பார்த்ததுதான். இப்போது நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. சாக்குக்குள் கை விட்டால், தாள் தரையில் விழுந்த சத்தம் கேட்கிறது.

இந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். ஓவியக் கல்லூரியில் சேர, ஆள் படம் ஒன்று முழுசாக வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளாக வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தேன்.

“இதப் பாத்துப் போட்டுப் பழகு, கண்ணு.”

“எனக்குக் கை வராதுப்பா.”

“அன்னிக்கு எப்படிப் போடணும்னு நான் சொல்லல. தப்பு என்னுது.”

அவள் என் கையைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துப் பென்சில் நகர்ந்தது. முடித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

அது மேசைமேல் இருந்த கை இல்லை. விரல் விரிந்து, எதையோ கீழே விட்ட கை.

நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெருவிரல் நீளம். ஆள்காட்டி விரலோட முதல் கணுவுக்குக் கீழயே நிறுத்து, அப்புறம் கொஞ்சம் மடக்கு. மத்ததெல்லாம் சரி. அன்னிக்கு அப்படித்தான் விட்டேன்.”

தாளை வாங்கிக்கொண்டாள். ரப்பரை எடுத்துப் பெருவிரலை மட்டும் அழித்தாள்.