இரண்டு மாவட்டங்கள், ஓர் எழுத்து

கிள்ளானுக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஷா ஆலமுக்குக் காரில் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன புதன்கிழமை அந்த வழியில் போதும் போதும் என்னும் அளவுக்கு அலைந்தேன். எல்லாம் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தேர்தலால். பிள்ளைகளில் பாதிப் பேர் கிள்ளான் மாவட்டம், மீதிப் பேர் பெட்டாலிங். அதனால் முடிவுத்தாளில் இரண்டு மாவட்ட அலுவலகங்களின் கையெழுத்தும் வேண்டுமாம். தேர்தலை நடத்திக்கொடுத்த வெளியாள் நான். புதன் ஐந்து மணிக்குள் முடியாவிட்டால் மறுதேர்தல். எல்லைக்கு அந்தப் பக்கமும் பள்ளி பஸ் வரவேண்டும் என்று தலைவர் பதவிக்கு நின்ற லோரி டிரைவர் கனகா, ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தாள். இன்னொரு முறை ஷிப்டை விட்டு வந்து யார் ஓட்டுப் போடுவார்கள்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் காப்பி குடித்துவிட்டு 10.10 ரயில். கட்டணம் ஐந்து வெள்ளிக்குள், அதாவது ஐந்து ரிங்கிட்டுக்குள். மழை விட்ட காலை. கண்ணாடியில் தலை சாய்த்து மாவட்ட எல்லையைத் தேடிக்கொண்டே போனேன். ஒரு வாய்க்கால், ஈர வேலியில் பள்ளிச் சட்டைகள், ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. எது எந்த மாவட்டம் என்று கொக்குக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அப்படியே தூங்கியும் போனேன்.

11.20க்குக் கிள்ளான். பன்னிரண்டேகாலுக்குள் அங்கே கையெழுத்து கிடைத்தது. அடுத்து பெட்டாலிங் மாவட்ட அலுவலகம் இருக்கும் ஷா ஆலம், 14 கிலோமீட்டர், கார் 17 வெள்ளி. மதிய இடைவேளை முடிந்து, இரண்டேகாலுக்கு அங்கே முகப்பு மேசையில் இருந்த கிராணி தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா, இவங்க ஆம்பளையா?”

கனகா ஏ/எல் முனியாண்டி என்று இருந்தது. ஏ/எல் என்றால் மகன்; மகளுக்கு ஏ/பி. தட்டச்சு செய்தது நானேதான். எனக்குத் தெரிந்து அந்தச் சங்கத்தில் இதுவரை இருந்த எல்லாத் தலைவர்களும் ஆண்கள். விரல் பழக்கத்தில் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

“திருத்திட்டு, திருத்தத்துக்குப் பக்கத்துல கிள்ளான்லயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அஞ்சுக்குள்ள லா.”

வாசலில் கிடைத்த கார்க்காரரிடம் போய்த் திரும்ப 60 வெள்ளி பேசினேன். “டென்ஷன் ஆவாதீங்கம்மா, நான் வெளியவே நிக்கிறேன்” என்றார் அந்த அங்கிள். கிள்ளானில் கையெழுத்து வாங்கித் திரும்பும்போது மறுபடி மழை. முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் கரைந்து ஓடின. நெரிசலில் நின்றபோது, இந்த எல்லைக்கு நடுவிலேயே என்றைக்கும் இப்படி உட்கார்ந்திருப்போமோ என்று தோன்றியது.

4.47க்கு ஷா ஆலமில் முத்திரை விழுந்தது. படிக்கட்டிலேயே கனகாவை அழைத்தேன்.

“ரெண்டு மாவட்டமும் சேந்து ஒன்ன பொம்பளன்னு ஒத்துக்கிச்சு!”

அவள் சிரித்தாள். “எங்க அப்பா கடைசிவரைக்கும் ஒத்துக்கலக்கா. பையன்தான் வேணும்னு இருந்தாரு.”

நானும் சிரித்தேன். ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது: என் விரலும் அவள் அப்பா பக்கம் நின்றுதான் அதைத் தட்டியிருக்கிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஒன்றிலிருந்து இரண்டு வரை அலுவலகத்தில் ஆள் இருக்காது. குடை அவசியம். கிளம்புமுன் ஜெயித்தவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள், அவர் காதில் விழும்படி.