கடைசி இடத்தில போட்ட குளம்

ஆறே இல்லாத தீவுகளில நன்னீர் மீனைக் காப்பாத்தச் சொன்னா நீங்கள் எங்க தொடங்குவியள்? குளத்திலதான். ஆனா எந்தக் குளத்தில? எங்கட மீன் காக்கிற திட்டத்தை நடத்திற அக்காவுக்கு அதுதான் தலையிடி. ஒரு குளத்தைத் திருத்தத்தான் நிதி, கையில ரெண்டு குளம். ஒண்டு கரம்பொன்னில, மற்றது புங்குடுதீவில. ரெண்டிலயும் செட்டையில கறுப்புப் புள்ளி வைச்ச அதே குட்டி மீன். வேற எங்கயும் நாங்கள் காணேல்ல.

கரம்பொன்னில மழைத்தண்ணி வாற வாய்க்கால் உயிரோட கிடந்தது. புங்குடுதீவில ஆரோ மதில் கட்டி அதை மறிச்சுப் போட்டினம். அக்கா நல்லா யோசிச்சுத்தான் பட்டியலில கரம்பொன்னை முதல்ல போட்டவா. நான் எண்டாலும் அதைத்தான் செய்திருப்பன், சத்தியமா. ஆனா அண்டைக்குச் சோறு இறங்கேல்ல அவாவுக்கு.

புங்குடுதீவில குளத்துக்குப் பக்கத்தில தோட்டம் செய்யிற அண்ணைக்குச் சரியான கோவம். கனடாவில இருக்கிற தம்பியிட்டக் காசு எடுத்து, குளத்தை ஆழமாக்க மண் கிண்டிற பெக்கோ மிசினை இறக்கிப் போட்டார். கேள்விப்பட்ட உடன நானும் அக்காவும் மோட்டசைக்கிளில பறந்தம். அவா நேர பெக்கோவுக்கு முன்னால போய் நிண்டா.

"அண்ணை, அடியில இருக்கிற கல்லை உடைக்காதேங்கோ! நல்ல தண்ணி மேல மிதக்குது, கீழ முழுக்க உப்பு!"

"பிள்ளை, எங்கட குளத்தைக் கடைசியில போட்டது நீர்தானே? இப்ப என்ன பதட்டம்?"

அக்கா விலகேல்ல. பெக்கோக்காரன் பகிடியா ஹோர்ன் அடிச்சான். கையைப் பிடிச்சு நான்தான் அவாவை விலத்தினனான்.

கல் உடைஞ்சு தண்ணி பொங்கி வர சனம் கை தட்டிச்சு. அண்ணை ஒரு கை அள்ளி வாயில வைச்சவர், அப்பிடியே துப்பினார். பிறகு கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து, "குடியும் பிள்ளை" எண்டு அக்காவிட்ட நீட்டினார். அவா குடிக்காமல், "மீனைப் பிடிப்பம் அண்ணை, கரம்பொன்னில விடலாம்" எண்டா.

"குளம்தான் கெட்டுப் போட்டுது. மீனையும் அவங்களுக்கோ குடுக்கச் சொல்லுறீர்?"

"சரி, உங்கட வீட்டிலயே வைச்சிருங்கோ" எண்டா அக்கா. அண்ணை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மீன் பிடிக்க முதல் ஆளா குளத்தில இறங்கினார்.

இப்ப அந்த மீன் அண்ணை வீட்டுச் சீமெந்துத் தொட்டியில நிக்குது. குளத்தில ஆடுகூட வாய் வைக்குதில்லை.