மொட்டைத் தலையில் ஜிகினா

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ கொடுத்த கேசட்டின் அட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதில் நாலு பேர். வைக்கோல் போர் மாதிரித் தலைமுடி, உதட்டுச் சாயம், கண்ணில் மை, புலித்தோல் டிசைனில் இறுக்கமான கால்சட்டை. அம்மா பார்த்துவிட்டு, "இதுங்க எந்த ஊர்ப் பொண்ணுங்க?" என்றாள். நாலும் ஆம்பளை என்று அண்ணன் சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அடுத்த மாதமே காரைக்காலில் ஒரு மெட்டல் பேண்டு பிறந்துவிட்டது.

முதல் அணியில் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் அண்ணன். பேஸ் கிட்டார், எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த வீட்டுப் பையன். டிரம்ஸ், ஜவுளிக்கடை பாய் வீட்டுப் பிள்ளை. உடையும் ஒப்பனையும் நான். என் பாவாடை ஜிகினாவெல்லாம் அவர்கள் சட்டைக்குப் போயிற்று. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள் நான். ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் என்பதால் எல்லாப் பாட்டும் எனக்கு அத்துப்படி. "நானும் வாசிக்கிறேண்ணே" என்று கேட்டேன்.

"ஆள் நிறைஞ்சுபோச்சு. பொண்ணு வந்து நின்னா நம்மள யாரு மதிப்பா?" என்றான். நான் அவனுக்கு மை தீட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னான். வந்த கோபத்தில் இடது கண்ணை வேண்டுமென்றே கோணலாக வரைந்துவிட்டேன்.

இந்த வகைப் பேண்டுக்கு முடி முக்கியம். தோள் தாண்டி வளர்ந்த முடிக்கு அம்மா தெருவில் பதில் சொல்லியாக வேண்டும். "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டிருக்கோம், மொட்டை போடணும்" என்று ஒரே போடாகப் போட்டாள். டிரம்மர் வீட்டில் அதே பொய்யை நாகூருக்கு மாற்றிக்கொண்டார்கள். தெரு அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மேடைகள் சொற்பம். விழிதியூர்க் கல்யாணம் ஒன்றில் மூன்றாவது பாட்டுக்குள் மைக் செட்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். ஆனாலும் அண்ணன் ஒரு வழக்கத்தை விடவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரையும் மைக்கில் அறிமுகம் செய்வான். கடைசியில், "டிரெஸ் தைச்சது எங்க தங்கச்சி" என்பான். கூட்டம் சிரிக்கும். நான் மேடைக்குப் பின்னால் ஊக்கு டப்பாவோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதலில் போனது பேஸ். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்துவிடும், போய்த்தான் ஆக வேண்டும். அவன் இடத்துக்குச் சுரக்குடியிலிருந்து ஒரு விவசாயி வீட்டுப் பையன் வந்தான். அடுத்து டிரம்மருக்கு துபாய் விசா. அவன் போய் மூன்றாம் மாதம் அங்கிருந்து ஒரு கீபோர்டு அனுப்பினான். பட்டனை அழுத்தினால் டிரம்ஸ் தானாக அடிக்கும். அண்ணன் அதைத் தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் பட்டனை அழுத்திக்கொண்டு பாடினான். அறுபத்தொரு கட்டை உள்ள ஒரு கருவியை இப்படிக் காலால் உதைக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்போதும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வருஷம்தான் பெரிய வாய்ப்பு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலு அவர்களுக்குத் திருநாள். அந்தச் சாயங்கால நடனத்துக்கு எங்கள் பேண்டைக் கூப்பிட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு ஆடத் தெரிந்த ஒரே கூட்டம் அதுதான்.

பத்து நாள் இருக்கும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. "நடவுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுரக்குடிக்காரன் போய்விட்டான். அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் அம்மாவை நிறுத்தினார்.

"ரெண்டு வருஷமா வளர்க்கிறானே, மாதாவுக்கு எப்பம்மா கொடுக்கப்போறீங்க?"

"வர்ற சனிக்கிழமைங்க சாமி" என்று அம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அண்ணன் குதித்தான். "நேர்ந்ததே பொய்தானேம்மா!"

"தெருவை ஏமாத்தினது போதும்டா. சாமியார்கிட்டயும் பொய் சொல்லிட்டு எந்த மூஞ்சியோட நான் பூசையில நன்மை வாங்குவேன்?" என்று அம்மா அழுதாள். அம்மா அழுதால் அண்ணன் தாங்கமாட்டான்.

சனிக்கிழமை மதியம் வேளாங்கண்ணியிலிருந்து சந்தனம் பூசிய மொட்டையோடு வந்து திண்டாடிப்போய் உட்கார்ந்தான். பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, முடியும் இல்லை. நிகழ்ச்சி வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மறைப்பானேன்?

"மொட்டையை நான் பாத்துக்குறேன். கீபோர்டை நான் வாசிக்கிறேன். ரெண்டும் சேத்துத்தான்" என்றேன். மொட்டையைத் தடவிக்கொண்டே, "சரி" என்றான்.

பதினாலாம் தேதி அவன் தலையில் புதுச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, காய்வதற்குள் ஜிகினாவைக் கொட்டி அழுத்தினேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தலை கண்ணைப் பறித்தது. நான் பின்னலை அவிழ்த்து விட்டேன். பேண்டில் முடி இருந்த ஒரே ஆள் நான்தான். வலது கையில் மெட்டு, இடது கையில் பேஸ், பட்டனில் டிரம்ஸ். ஒரு கட்டைகூடப் பிசகவில்லை. சொல்தாக்கள் மனைவிமாரோடு எழுந்து ஆடினார்கள்.

முதல் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல அண்ணன் மைக்கைப் பிடித்தான். "பேஸ், டிரம்ஸ், கீபோர்டு" என்று சொல்லி நிறுத்தி என் பக்கம் திரும்பினான். "மூணும் என் தங்கச்சி." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கி மை கன்னத்தில் இறங்கிவிட்டது.

நடவு முடிந்து ஆகஸ்டில் சுரக்குடிக்காரன் கிட்டாரோடு வந்து வாசலில் நின்றான். "எடம் இருக்குங்களா?" என்று அண்ணனைக் கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஆள் நிறைஞ்சுபோச்சு" என்றேன்.