நான்கு மணி வழக்கம்

எங்கள் டில்லி அலுவலகத்தில், கர்வா சௌத் அன்று பெண்கள் நான்கு மணிக்கே வீட்டுக்குப் போகலாம். கணவனுக்காக, நிலா தெரியும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதம் அது. விடுப்பு விதிகளில் இந்தச் சலுகை கிடையாது. வழக்கம்தான்.

சென்ற ஆண்டு அன்று காலை, கணக்குப் பிரிவில் வேலை செய்யும் திருநங்கை ஒருவர் என் மேசைக்கு வந்தார். கல்யாணமான பிறகு அவருக்கு அது முதல் விரதம். இரு கைகளிலும் மருதாணி. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மாமியார், தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செய்யும் மாலைப் பூஜைக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார். பிரிவுத் தலைவரோ ஆறு மணிவரை இருக்கச் சொல்லிவிட்டார். பூஜை அதற்குள் முடிந்துவிடும்.

திருநர்களுக்கான சட்டப்படி எங்கள் அலுவலகத்தில் புகார் அதிகாரி நான்தான். வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் பாகுபாடு கூடாது என்கிறது சட்டம். விதியிலேயே இல்லாத ஒரு வழக்கம் அந்த ‘எந்த விஷய’த்தில் சேருமா? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருந்தது. பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் டில்லி ஜனக்புரியில் வசிக்கும் தமிழர்.

“எழுதாத சலுகைக்கு ஏது மேடம் சட்டம்? அது லேடீஸுக்கு.”

“ஆபீஸ் கார்டுல அவங்க லேடீஸ்தான் சார். சரி, வருஷா வருஷம் நானும் நாலு மணிக்குப் போறேனே, நான் விரதமா?”

என் கையிலிருந்த காபியைப் பார்த்தார். “அது... உங்களை யாரு கேட்டா?”

“அதான் சார். என்னை யாரும் கேக்கலை.”

“அப்ப இந்த வருஷம் யாருக்குமே கிடையாதுன்னுடறேன்.”

“சொல்லுங்க. காலையிலேர்ந்து தண்ணி குடிக்காதவங்க பன்னெண்டு பேர் வெளியில இருக்காங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”

கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை வெளியே பார்த்தார். “அச்சா, போகச் சொல்லுங்க.”

என் சட்டக் கேள்விக்கு இன்னும் விடை தெரியாது. நானும் வழக்கம்போல் நான்கு மணிக்கே மயூர் விஹார் மெட்ரோவைப் பிடித்தேன்.

மறுநாள் விரதமிருந்தவரிடம் பூஜையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். வட்டத்தில் கைமாறிச் சுற்றிவரும் பூஜைத் தட்டைத் தப்பான பக்கம் கொடுத்ததற்காக, “இதுகூடத் தெரியாத மருமகள் எனக்கு” என்று மாமியார் எல்லோர் முன்னாலும் திட்டினாராம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.