கத்தரிப்பூக் கலர்

பாலக்கரை லூர்துராணி புடவைக் கடையில் முதலில் விலைச்சீட்டைத்தான் பார்ப்பாள். பிறகு, "கலர் சரியில்லைங்க" என்று மடித்து வைத்துவிடுவாள். கணவர் சகாயநாதன் அதைக் கடைசிவரை நம்பினார். "உனக்குன்னு தனியா சாயம் காய்ச்சணும்டி" என்று கேலி செய்வார்.

அவள் இறந்த அன்று, அவள் தம்பியோடு சவப்பெட்டிக் கடைக்குப் போனார்.

"நம்ம கோயில் பங்கு ஜனமே திரண்டு வரும் மாமா. அந்தத் தேக்குப் பெட்டியையே எடுத்துடுங்க. நாலு பேரு பார்ப்பாங்கல்ல?"

விலையைக் கேட்டார். அவ்வளவு பணம் இல்லை. மச்சினன் முகத்தைப் பார்க்காமல், "கலர் சரியில்லப்பா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போன கிறிஸ்துமஸுக்குக் கடையில் ஒரு கத்தரிப்பூக் கலர் புடவையை அவள் இரண்டு முறை விரித்துப் பார்த்து மடித்து வைத்திருந்தாள்.

"பெட்டி சாதாரணமா போதும்" என்றார். "புடவைக் கடை தொறந்திருக்குமா, பாரு."